ஏட்டில் எழுதாத மெட்டு

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் நீட்டிய சி.ஆர். கொப்பியின் மட்டை கிழிந்து, நூலால் தைக்கப்பட்டிருந்தது. உள்ளே எஸ்தாக்கியார் கூத்து முழுவதும் கையெழுத்தில். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தரு, கொச்சகம், கலித்துறை என்று வகையைச் சொல்லும் ஒற்றைச் சொல். மெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"அது எழுதுறேல்லைத் தம்பி. நான் பாட, நீங்கள் திருப்பிப் பாடவேணும்."

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறித்தான் எழுவைதீவுக்கு வரவேண்டும். பனையும் மீன்பிடியும், தோமையார் கோயிலும் முருகன் கோயிலுமாக உள்ள சிறு தீவு. கூத்து என்றதும் பலருக்கு மட்டக்களப்பு ஆட்டம்தான் கண்ணில் நிற்கிறது. 1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய கர்ணன் போர் அதற்கு ஒரு காரணம். வடக்கின் கத்தோலிக்கக் கரையோரத்திலோ ஆட்டம் குறைந்து பாட்டே கூத்தாகிவிட்டது. ஆகவே இங்கே அண்ணாவியார் என்பவர் முதலில் இசைக்காரர்.

இந்த அண்ணாவியார் கையில் முதலில் கிடைத்தது சல்லாரி. பெரியவர்கள் பாட, சின்னப் பொடியன் தாளம் பிசகாமல் தட்டவேண்டும். பிறகு பிற்பாட்டு. மீசை அரும்புமுன் இராணி வேடம். குரல் மாறியதும் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். கரையோரமெங்கும் பேர்பெற்ற பூந்தான் யோசேப்புவின் பாட்டைக் கேட்க யாழ்ப்பாணத்துக்குப் படகேறிப் போன கதையைச் சொல்லும்போது அந்தக் குரலையே எடுத்துப் பாடினார். எழுபதைத் தாண்டியவரின் உச்சக்குரல் அறையை நிறைத்தது.

இப்போது திருநாளுக்குப் புதுக்கூத்து ஒன்று கட்டுகிறார். பாட்டு எழுதுவதும் மெட்டுப் போடுவதும் பழக்குவதும் அவரே. அன்று மாலை ஒரு தருவைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் அடியின் நடுவில் அவளுக்கு மூச்சு முட்டியது. இரண்டு தரம் பாடவைத்துப் பார்த்தார். பிறகு முழங்காலில் தட்டியபடி, நெடிலாக நின்ற சொல்லை எடுத்துவிட்டுக் குறிலில் முடியும் வேறொரு சொல்லை வைத்தார். பிள்ளை தடையில்லாமல் பாடி முடித்தாள். கொப்பியில் பழைய சொல்லை வெட்டிப் புதியதை எழுதினார். பழக்கும் இடத்திலேயே பாட்டும் ஆக்கப்படுவதைக் கண்ணால் கண்டேன்.

இதனால்தான் இந்த மெட்டுகள் அழிந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. மன்னார்க் கூத்துகளை வித்தியானந்தன் அச்சேற்றினார். மூவிராசாக்கள் நாடகம் 1966இல் வந்தது. 1965இல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தை மேடையில் தொடர்ந்து நிறுத்தியது. இவை பெரும்பணிகள். ஆனால் அச்சில் சொல்தான் நிற்கும். 1990இலும் அதன் பிறகும் தீவகத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது கொப்பிகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடிந்தது. சேர்ந்து பாடியவர்கள் கொழும்பு, கனடா, பிரான்சு என்று சிதறிவிட்டால் மெட்டை யாரிடம் கேட்பது?

கைபேசியில் பதியலாமே என்றேன். "பதியுங்கோ. ஆனா ஆடின அண்டைக்குப் பதிஞ்சாப் பாட்டு மட்டும்தான் இருக்கும். பழக்கேக்கை பதிஞ்சால்தான் எங்கை மூச்செடுக்கிறது, எங்கை சொல்லை மாத்தினது எண்டு விளங்கும்."

அவர் சொல்வதுதான் சரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இசையும் நாடகமும் படிக்கும் பிள்ளைகள் அரங்கேற்றத்துக்கு வருவதோடு நில்லாமல், பழக்கம் தொடங்க ஏடு கொடுக்கும் நாளிலிருந்தே இங்கே வந்து குந்தியிருக்கவேண்டும். தங்க இடமும் சாப்பாடும் ஊரார் தருவார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.