அந்த இடம்

தலை வலித்தால் தலைவலி என்கிறோம். பல் கூசினால் வாயைத் திறந்து, இதோ இந்தப் பல் என்று விரலை வைத்துக் காட்டுகிறோம். ஆனால் ஒரு பெண்ணுக்கு உடம்பில் ஓர் இடத்தில் அரிப்பு வந்துவிட்டால், 'கீழே' என்பாள். கொஞ்சம் படித்தவளாக இருந்தால் 'அந்த இடத்தில்' என்பாள். பழைய புலவர்களுக்கு 'அல்குல்' என்று ஒரு சொல் இருந்தது. தயங்காமல் பாட்டில் வைத்தார்கள். அதற்குச் சரியான பொருள் என்ன என்று பண்டிதர்கள் வாதாடிக்கொள்ளட்டும். டாக்டரிடம் போய்ச் சொல்ல அது உதவாது.

சொல் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். என் அத்தைக்கு 11 வருஷம் நஷ்டம்.

மாதவிடாய் நின்ற மறுவருஷம் அவளுக்கு அரிப்பு தொடங்கிற்று. பகலில் வேலை மும்முரத்தில் மறந்திருக்கும். ராத்திரி படுத்தால் பிடுங்கி எடுக்கும். உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். வெந்தயம் ஊறவைத்துத் தின்றாள். ஒரு டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொன்னார், சர்க்கரை இல்லை. இன்னொருவர் வெள்ளைப்படுதல் என்று மாத்திரை எழுதினார். மூன்றாமவர் படை என்று களிம்பு கொடுத்தார். யாரும் பார்க்கவில்லை, அவளும் காட்டவில்லை. டாக்டரும் நோயாளியுமாகச் சேர்ந்து காப்பாற்றிய மரியாதை அது.

அழுக்கினால் வந்ததென்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அதைவிட மோசமாக, மாமா மூலம் வந்ததோ என்றும் நினைத்தாள். அந்தச் சந்தேகத்தோடு ஒரே வீட்டில் குடித்தனம். மாமா அருகில் வந்தால் வலிக்குப் பயந்து விலகினாள்; காரணம் சொல்லவில்லை. அவர் அதை வெறுப்பென்று எடுத்துக்கொண்டு, படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசியில் ஒரு சரும டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டு, விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். "இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அம்மா" என்றாராம்.

லைக்கன் ஸ்கிளெரோசஸ் என்பது அந்தப் பெயர். லைக்கன் என்றால் மரத்திலும் பாறையிலும் படரும் ஒருவகைப் பாசி. நம் மசாலாவில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். ஸ்கிளெரோசஸ் என்பதில் இறுகிக் கெட்டிப்படுதல் என்ற பொருள் இருக்கிறது. 1887-லேயே அலோப்போ என்ற பிரெஞ்சு சரும வைத்தியர் இதை வர்ணித்துவிட்டார். சருமம் வெளுத்து, மெல்லிய காகிதத்தைக் கசக்கியதுபோல் சுருங்கும். லேசாக உரசினாலும் வெடிக்கும், ரத்தம் கன்றும். பெண்ணுறுப்பையும் மலவாயையும் சுற்றி, 8 என்ற எண்ணைப் போலப் பரவும். கவனிக்காமல் விட்டால் உள்ளிதழ்கள் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும்; வாசல் குறுகும். தேய்ந்துபோனது திரும்புவதில்லை.

உடம்பின் காவல் சக்தியே தன் சருமத்தைப் பகைத்துக்கொள்வதால் வருகிறது என்று கருதுகிறார்கள். தைராய்டுக் கோளாறு உள்ள பெண்களிடம் கூடுதலாகக் காண்கிறது. தொற்று நோயல்ல. புருஷனிடமிருந்து வருவதுமில்லை, அவனுக்குப் போவதுமில்லை. அழுக்கினால் வருவதுமில்லை, சோப்பு எரிச்சலைத்தான் கூட்டும். வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் இது வருவதுண்டு. கன்றிப்போன தோலைப் பார்த்து, குழந்தையை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று வீடே கலங்க நேரும். அந்தச் சந்தேகத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் சரும வியாதி தெரிந்த கண் ஒன்றும் கூடவே பார்க்க வேண்டும்.

மருந்து, குளோபெடசால் என்ற 0.05 சதவீதக் களிம்பு. அத்தைக்குச் சொன்ன கணக்கு: ஒரு மாதம் தினம் ராத்திரி, அடுத்த மாதம் ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி, அப்புறம் வாரம் இரண்டு முறை. ஒரு தடவைக்கு ஆட்காட்டி விரலின் முதல் கணு நீளம் போதும்; 30 கிராம் குழாய் மூன்று மாதம் வரும். மருந்துக் கடைக்காரர், "ஸ்டீராய்டு, அங்கெல்லாம் போடாதீங்க" என்று பயமுறுத்தினார். பெட்டிக்குள் இருந்த துண்டுக் காகிதமும் அப்படியே சொல்லிற்று. அத்தை அதை அலமாரியில் பூட்டிவிட்டாள்! "அது தானாக வாங்கிப் பூசுகிறவர்களுக்குச் சொன்னது. பார்த்துக் கொடுத்தால் இதுதான் மருந்து" என்று டாக்டரம்மா கண்டித்த பிறகே வெளியே எடுத்தாள்.

அரிப்பு தணிந்ததும் நிறுத்திவிடலாமா? கூடாது. ஆஸ்திரேலியாவில் 507 பெண்களை வருஷக் கணக்கில் கவனித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். வைத்தியத்தை ஒழுங்காகத் தொடர்ந்த 357 பேரில் ஒருவருக்கும் அவ்விடத்தில் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை. சரிவரத் தொடராத 150 பேரில் 7 பேருக்கு வந்தது.

ஒரு மாதத்துக்குள் அத்தை ராத்திரி தூங்கினாள். அப்புறம்தான் மாமாவிடம் வியாதியின் பெயரைச் சொன்னாள். அவர், "இதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாராம். "எந்த வார்த்தையில் சொல்வேன்?" என்று அத்தை கேட்டாளாம். அவரிடமும் வார்த்தை இல்லை.

நாள்பட்ட அரிப்பெல்லாம் இந்த வியாதி அல்ல. சொறிந்து சொறிந்தே தடித்துப்போவதும் உண்டு, சோப்போ துணியோ ஒத்துக்கொள்ளாததும் உண்டு. எது என்று பார்த்தால்தான் தெரியும். ஆகையால் என் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லுவேன்: குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கைக்கண்ணாடியில் நீங்களே பாருங்கள். வெளுப்போ வெடிப்போ தெரிந்தால் டாக்டரிடம் போங்கள். சொல்ல வாய் வராவிட்டால் போகிறது. "டாக்டர், கொஞ்சம் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பார்க்காமலே மருந்து எழுதத் தொடங்கினால், எழுந்து வேறு டாக்டரிடம் போங்கள்.