கை கொடுப்பதா, வேண்டாமா?

வரலாற்று மாணவர்களாகிய எங்களுக்குச் சீனாவைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அபினிப் போரில் தொடங்கி, 1911-ஆம் ஆண்டுப் புரட்சி, டாக்டர் சன் யாட் சென், நெடும்பயணம் என்று வளர்ந்து, 1949-இல் மாவோ மக்கள் குடியரசை அறிவித்ததோடு அது நின்றுவிடுகிறது. தேர்வுக்கு அது போதும். ஆட்சி மாறிய பின் மனிதர்கள் மாறினார்களா, வழியில் விழுந்து கிடக்கும் முன்பின் அறியாதவனிடம் ஒரு சீனக் குடிமகன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதெல்லாம் பாடத்தில் இல்லை. அதை அறியும் ஆவலில் தேடிப் படித்தபோது, என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு பஸ் நிறுத்தம்.

நான்ஜிங் நகரில் 2006 நவம்பர் 20-ஆம் நாள் காலை, பஸ் பிடிக்க விரைந்த, அறுபது வயது கடந்த ஒரு மூதாட்டி நிறுத்தத்தில் விழுந்து தொடையெலும்பு முறிந்தார். வந்து நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் இளைஞன் அவரைத் தாங்கிப் பிடித்து உதவினான். உறவினர் வந்ததும் அவர்களோடு மருத்துவமனைக்குப் போனான். செலவுக்கு 200 யுவானும் கொடுத்தான். பின்னர் அந்த மூதாட்டி, தம்மை இடித்துத் தள்ளியவனே இவன்தான் என்று நீதிமன்றம் சென்றார். தான் உதவ வந்தவன் மட்டுமே என்றான் அவன். காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய மூல வாக்குமூலமோ தொலைந்து போயிருந்தது. 2007 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, இழப்பில் நாற்பது விழுக்காட்டை, அதாவது 45,876 யுவானை, இளைஞன் தரவேண்டும் என்றது.

பணம் பெரிதல்ல. தீர்ப்புக்கு நீதிபதி காட்டிய காரணம்தான் நாட்டையே உலுக்கிவிட்டது. உலக வழக்கப்படி பார்த்தால், இடிக்காத ஒருவன் இடித்தவனைப் பிடிக்க முயன்றிருப்பான். உறவினர் வந்ததும் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போயிருப்பான். முன்பின் தெரியாதவருக்குப் பணம் கொடுத்திருக்கமாட்டான். இவன் இத்தனையும் செய்தானே, ஆகவே இவனே இடித்திருக்க வேண்டும் என்பதுபோல் அந்த வாதம் சென்றது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை, அச்சம்தான் வந்தது. குற்றமில்லாதவன் உதவமாட்டான் என்று ஒரு நீதிமன்றமே எழுதிவிட்டால், உதவுகிறவன் கதி என்ன? அன்பு அங்கே சாட்சியமாகிவிட்டது, அதுவும் எதிர்ச்சாட்சியமாக.

அதன்பின் சீன நாட்டுச் செய்தித்தாள்களில் ஒரே கேள்வி: தூக்கிவிடுவதா, வேண்டாமா? வயதானவர் எங்கே விழுந்தாலும் சுற்றி நின்றவர்கள் தயங்கினார்கள் என்ற செய்தி வந்தது. 2011 செப்டம்பரில் நலவாழ்வு அமைச்சகம், விழுந்த முதியவருக்கு உதவும் முறை பற்றி ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. அவசரப்பட்டுத் தூக்காதே, நிலைமையைப் பார்த்துச் செயல்படு என்பது அதன் அறிவுரை. மருத்துவ நோக்கில் அது சரியே. ஆனால் மக்கள் அதைக் கேலி செய்தார்கள். தூக்காமல் இருக்க அரசே சொல்லிக் கொடுக்கிறது என்றார்கள்.

அடுத்த மாதமே அந்தக் கேலி நின்றது. 2011 அக்டோபர் 13, குவாங்தொங் மாநிலத்து ஃபோஷான் நகரின் இரும்புச் சாமான் சந்தை. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஒரு வண்டி மோதிச் சென்றது. சற்று நேரத்தில் இன்னொரு வண்டியும் ஏறிச் சென்றது. ஏறக்குறைய ஏழு நிமிடங்களில் பதினெட்டுப் பேர் அந்தக் குழந்தையைக் கடந்து போனார்கள். சந்தையின் கண்காணிப்புக் காமிரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. பத்தொன்பதாவதாக வந்தவர், பழைய பொருள்களைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் ஓர் ஏழைப் பெண்மணி. அவர்தான் குழந்தையை ஓரத்திற்கு இழுத்துத் தாயைத் தேடிக் கூவினார். அக்டோபர் 21-ஆம் நாள் குழந்தை இறந்தது. அந்தப் பதினெட்டுப் பேரும் நான்ஜிங் தீர்ப்பை நினைத்துத்தான் விலகிப் போனார்களா? நான் நம்பவில்லை. ஒரு தீர்ப்பின் தலையில் பதினெட்டுப் பேரின் மனச்சான்றையும் ஏற்றி வைப்பது எளிது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. நான்ஜிங் வழக்கு மேல்முறையீட்டில் சமரசமாக முடிந்திருந்தது. சமரச விவரத்தை வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். 2012 ஜனவரியில்தான் நான்ஜிங் அதிகாரி ஒருவர், அந்த இளைஞன் மூதாட்டியை இடித்தது உண்மைதான், அதை அவனே ஒப்புக்கொண்டான் என்று ஒரு வார இதழில் வெளிப்படுத்தினார். தீர்ப்பின் முடிவு சரியாகவே இருந்திருக்கலாம்! ஆயினும் அந்த உண்மை நான்காண்டுக் காலம் பூட்டிக் கிடந்தது. பிழையான காரணமோ ஊரெங்கும் உலவியது. மூதாட்டி பொய் சொன்னார் என்று ஒரு தேசமே நம்பி ஏசியது. அவருக்கு யார் நஷ்ட ஈடு கொடுப்பது? உண்மை வெளிவந்த பிறகும் பலர் நம்ப மறுத்தார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

சீனப் பண்பாடே இத்தகையதுதான் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மென்சியஸ் என்ற சீன அறிஞர் எடுத்துக் காட்டிய உவமையே கிணற்றில் விழப்போகும் குழந்தைதான். அதைக் கண்ட எவர் நெஞ்சும் பதறும். அந்தப் பதற்றம் பெற்றோரின் தயவை நாடியும் அன்று, ஊரார் புகழை நாடியும் அன்று என்று அவர் வாதிட்டார். ஃபோஷானில் அந்தப் பழைய உவமை தெருவுக்கு வந்து நின்றது.

இதற்கு விளக்கம் தேடியபோது எனக்கு உதவியவர் சமூகவியல் அறிஞர் ஃபெய் சியாவ்தொங் (1910–2005). லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் பயின்ற அவர், நாட்டுப்புறச் சீனாவைப் பற்றி 1940-களில் எழுதிய கட்டுரைகளில், சீன உறவுமுறையைக் குளத்தில் கல் எறிந்தால் எழும் அலை வட்டங்களுக்கு ஒப்பிட்டார். நடுவில் நான், அடுத்த வட்டத்தில் குடும்பம், பிறகு சுற்றம், ஊர். வட்டம் விரிய விரியக் கடமையும் மெலிகிறது. சூஜோ நகரத்து வீடுகளின் கொல்லைப்புறம் ஓடும் கால்வாயில் எல்லாரும் கழுவுவதையும் கழிவுகளைக் கொட்டுவதையும் அவர் சுட்டிக் காட்டினார். பொதுவான இடம் என்றால் யாருக்கும் பொறுப்பில்லாத இடம்! (சிரிப்பதற்கு முன் நம் ஊர்க் கால்வாய்களையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.) உறவுக்காரனுக்கு உயிரையும் கொடுப்பவன் அயலானுக்குக் கையைக் கொடுக்கத் தயங்கினால், அவன் கொடியவன் என்று பொருளில்லை. அயலான் என்ற உறவுக்கு அங்கே பெயரே வைக்கவில்லை.

அந்தப் பெயரை வைக்கப் பார்த்தது புதிய அரசு. லெய் ஃபெங் என்ற இளம் இராணுவ வீரன் 1962-இல் தன் இருபத்திரண்டாம் வயதுக்குள் ஒரு விபத்தில் இறந்தான். அவனிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று மாவோ கைப்பட எழுதியது 1963 மார்ச் 5-இல் வெளிவந்தது. இன்றும் மார்ச் 5 அவன் நாள். பள்ளிப் பிள்ளைகள் அன்று முதியோர் இல்லங்களுக்குச் செல்வார்கள், தெருவைப் பெருக்குவார்கள். ஆணைப்படி செய்யும் அறம் ஆண்டுக்கு ஒரு நாள் நன்றாகவே நடக்கும். மீதி நாட்களில் மனிதனைக் கட்டிக்காத்தது அவன் வேலை செய்த தொழிற்கூடமும் அவன் வாழ்ந்த கம்யூனும்தான். அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள். 1978-க்குப் பின் வந்த பொருளாதார மாற்றத்தில் அவை கலைந்தன. கிராமங்களை விட்டு வேலை தேடிப் புறப்பட்டவர்கள் 2011-இல் இருபத்தைந்து கோடியைத் தாண்டினார்கள். சீன மக்களில் பாதிக்கு மேல் நகரவாசிகள் ஆனதும் அதே 2011-ஆம் ஆண்டில்தான். ஃபோஷான் சந்தையில் இறந்த குழந்தையின் பெற்றோர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். காப்பாற்ற முயன்ற பெண்மணியும் அப்படியே.

மருத்துவச் செலவும் இதில் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். ஓர் எலும்பு முறிவு ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தின்றுவிடும் காலம் அது. சம்பள வேலை இல்லாத நகரவாசிகளுக்கான அடிப்படை மருத்துவக் காப்பீடு 2007-இல்தான் சோதனையாகத் தொடங்கியது. விழுந்தவர் யாரையாவது பொறுப்பாக்கத் துடித்ததற்குப் பின்னே பேராசையைவிடப் பயமே மிகுந்திருக்கும்.

ஈரம் வற்றிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2008 மே 12-இல் சிச்சுவானின் வென்சுவான் பகுதியில் பூகம்பம் வந்து அறுபத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டபோது, யாரும் அழைக்காமலே மருந்தும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு ஓடிவந்த தொண்டர்கள் இலட்சக்கணக்கானோர். நான்ஜிங் தீர்ப்பு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது! இடிபாட்டில் கிடந்தவனைத் தூக்கினால் எவனும் வழக்குப் போடமாட்டான் என்று கணக்குப் பார்த்தா அவர்கள் வந்தார்கள்?

சட்டமும் மெல்ல அசைந்தது. 2013 ஆகஸ்டில் ஷென்ஜென் நகரம், உதவியவன்மேல் பழி சுமத்துகிறவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று விதி செய்தது. 2014-இல் புத்தாண்டுக்கு நாடே பார்க்கும் டி.வி. நிகழ்ச்சியில், தூக்குவதா வேண்டாமா என்ற கேள்வியே நகைச்சுவை நாடகம் ஆயிற்று. 2015-இல் ஆண்டுக்கு 3 யுவான் கட்டினால், முதியவரைத் தூக்கிவிட்டு வழக்கில் சிக்கியவருக்கு வழக்குச் செலவு தரும் காப்பீடுகூட விற்பனைக்கு வந்தது. கருணைக்கும் பிரீமியம்! முடிவில் 2017 மார்ச்சில் நிறைவேறி அக்டோபரில் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டப் பொதுவிதிகளின் 184-ஆம் பிரிவு, ஆபத்தில் தானாக உதவியவனால் ஏதும் தீங்கு நேர்ந்தாலும் அவன்மேல் பொறுப்பில்லை என்றது. பெருங்கவனக்குறைவுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று வரைவில் ஒரு வரி இருந்தது. நீண்ட விவாதத்துக்குப் பின் அதையும் நீக்கிவிட்டார்கள். சட்டம் படிக்கும் நண்பர் ஒருவர் இது மிகை என்கிறார். தவறான முறையில் தூக்கி முதுகெலும்பைக் கெடுத்தவனையும் விட்டுவிடுவதா என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. எனினும் பத்தாண்டுப் பயத்தைத் துடைக்க வேண்டிய நாட்டில், விலக்கு இல்லாத ஒரு வரியே தேவைப்பட்டது என்று நான் கருதுகிறேன். 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் உரிமையியல் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பிரிவு அதே எண்ணில் இருக்கிறது.

இப்போது அங்கே சிலர், விழுந்தவரை நெருங்குமுன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, தான் இடிக்கவில்லை என்பதற்குச் சான்று வைத்துக்கொண்டு, பிறகு தூக்குகிறார்களாம். பிடித்துக்கொள்ளட்டும். தூக்குகிறார்கள் அல்லவா?