"எனக்குக் கணக்கு வராது!"

ஹைஸ்கூல் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. ஒருத்திக்குக் கணக்கு வராது. இன்னொருவனுக்கு இங்கிலீஷ் மண்டையில் ஏறாது. ஜாதகத்தில் எழுதி வைத்த மாதிரி சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி விடுகிறார்கள். ஆனால் இந்த 'வராது' பிறக்கும்போதே கூட வருவதில்லை. நடுவில் எங்கோ ஒட்டிக் கொள்கிறது.

என் அக்கா மகள் விஷயத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். பத்தாவது வரை ஊர்ப் பள்ளியில் அவள்தான் முதல். பிளஸ் ஒன்னுக்கு டவுனில் பெரிய பள்ளி. தங்கியது எங்கள் வீட்டில். அந்த வகுப்பிலோ பாதிப் பேர் அவரவர் பள்ளியில் முதலாக வந்தவர்கள்! காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 41 மார்க். "எனக்குக் கணக்கு வராது சித்தி, நான் ஊருக்கே போயிடறேன்" என்று அழுதாள். அத்தானும், "முடியலேன்னா வந்துடட்டும், படிச்சது போதும்" என்று சொல்லி விட்டார்.

மூன்றே மாதத்தில் மூளை குறைந்து விடுமா, என்ன? மாறியது பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருந்த பிள்ளை, பெரிய குளத்துக்குப் போனதும் தன்னைப் பொடி மீனாக நினைத்துக் கொள்கிறது. திறமை அதேதான், அளக்கிற கோல்தான் வேறு.

சரி, போன தைரியம் எப்படித் திரும்பும்? அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-ல் நான்கு வழிகளைச் சொன்னார். நாலுமே நம் வீட்டுக்குள் நடக்கக் கூடியவைதான்.

முதலாவது, தானே செய்து ஜெயிப்பது. இதுதான் எல்லாவற்றிலும் பலமானது. இவள் தினமும் கஷ்டமான கணக்கில் ஆரம்பித்து, அங்கேயே முட்டிக் கொண்டு நிற்பாள். அதை மாற்றினோம். முதலில் தெரிந்த கணக்கு இரண்டு, பிறகு அதே மாதிரி சற்றுத் திருகலாக ஒன்று, கடைசியில்தான் புதுசு. விடையைப் பார்க்காமல் போட்ட கணக்குகளைத் தேதி போட்டுத் தனி நோட்டில் எழுதி வந்தாள். ஒரு மாதத்தில் அந்த நோட்டு பாதி நிரம்பி விட்டது. அதைப் புரட்டிப் பார்த்தபோது அவள் முகத்தில் வந்த தெளிவு, நான் சொன்ன எந்த ஆறுதலிலும் வரவில்லை.

இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது. எப்போதும் முதல் ராங்க் வாங்கும் பிள்ளையைக் காட்டினால் பயம்தான் வரும். எங்கள் தெருவில் ஒரு பிளஸ் டூ பெண், முதலில் தடுமாறி மெல்ல மெல்ல ஏறியவள். வாரம் ஒருநாள் அவளோடு உட்காரச் சொன்னேன்.

மூன்றாவது, பேச்சு. "நீ கெட்டிக்காரி, உனக்கென்ன!" என்ற பொதுப் புகழ்ச்சியைப் பிள்ளைகள் நம்புவதில்லை. "நேத்து இந்தப் படியில நின்னுட்டே, இன்னிக்குத் தாண்டிட்டியே!" என்றால் நம்புவார்கள். "அவ அம்மா மாதிரி, கணக்குல மக்கு" என்று விருந்தாளிகள் முன் சிரிப்பதோ, சாட்சாத் விஷம்.

நான்காவது, உடம்பு. பரீட்சை ஹாலில் நெஞ்சு படபடத்தால், 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று பிள்ளை அர்த்தம் செய்து கொள்ளும். "முதல் மார்க் வாங்கறவளுக்கும் படபடக்கும், நாலு தடவை நிதானமா மூச்சு விடு" என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். ராத்திரித் தூக்கத்தையும் காலைப் பலகாரத்தையும் பரீட்சைக்காகக் குறைக்க விடாதீர்கள்.

அரையாண்டில் 58 வாங்கினாள். முதல் ராங்க் இல்லைதான். ஆனால் ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சு நின்றது.

உங்கள் வீட்டுப் பிள்ளை சாயந்திரம் பையோடு உள்ளே நுழைந்ததும், "எத்தனை மார்க்?" என்று கேட்குமுன், "நேத்து புரியாதது இன்னிக்கு எது புரிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் பதில் வந்து விடும். அந்தப் பதிலில்தான் நாளைய தைரியம் இருக்கிறது.