பாத்திரம் தேய்க்கும் யந்திரம்

ஜோஸபைன் காக்ரன் என்ற அமெரிக்க மாது 1886-ம் வருஷத்தில் பாத்திரம் கழுவும் யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1893-ல் சிக்காகோ கண்காட்சியிலும் அதை வைத்தார். சாம்பாரில் மிதக்கும் கறிவேப்பிலை அந்த அம்மாளின் மனக்கண் முன் தோன்றியிருக்க நியாயமில்லை.

நம் வீடுகளில் இந்த யந்திரத்துக்கு வந்த புதிதில் நடப்பது சம்பந்தி உபசாரந்தான். ஆறு மாதம் சென்று ஒரு நாள் தட்டில் பருப்பு ஒட்டியிருந்தால், "யந்திரம் போய்விட்டது" என்று தீர்ப்பாகிவிடுகிறது! மெக்கானிக் மூன்று நாளில் வருவாரோ, மூன்று வாரத்தில் வருவாரோ, அதுவரையில் தொட்டியடியில் நிற்பது யார்? வீட்டு அம்மாள்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவருக்குக் கிடைத்திருந்த ஒரு மணி நேர ஓய்வு பறிபோகிறது. ஆகையால், யந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்வது வீட்டு ஆண்பிள்ளைகளின் கடமை என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கீழ்த்தட்டை வெளியே எடுத்தால் அடியில் ஒரு வடிகட்டி தெரியும். பெரும்பாலான யந்திரங்களில் திருகினால் கையோடு வந்துவிடும். நமது வீட்டு வடிகட்டியில் அகப்பட்டவை: கடுகு, மிளகாய்க் காம்பு, தேங்காய்த் துருவல், ஒரு புளியங்கொட்டை, புது எவர்சில்வர் டம்ளரில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு. வாரம் ஒரு முறை பழைய பல் பிரஷ்ஷினால் இதைத் தேய்த்து அலம்பினால் பாதி வியாதி வராது, துர்நாற்றமும் போகும்.

அப்படியும் அழுக்குப் போகாவிட்டால், சுழன்று நீர் பீய்ச்சும் கரங்களைப் பார்க்க வேண்டும். துவாரங்களில் அடைத்திருப்பதைப் பல் குத்தும் குச்சியினால் நெம்பி எடுக்கலாம். கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால், நீண்ட கரண்டி ஒன்று வழிமறித்து நிற்பதும் தெரியவரும்.

நீர் வெளியேறாமல் தேங்கி நின்றால், பின்புறத்துக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையேல், நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வடிகட்டி இருந்த குழியை டார்ச் அடித்துப் பார்க்கவும். உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கலாம். கையை விடுமுன் கண்ணை விடுவது உத்தமம்.

கண்ணாடி டம்ளரில் வெள்ளை படிவது ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள வீடுகளில் சர்வ சாதாரணம். நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்து வைக்கும் பிசின் மணிகள் பல யந்திரங்களில் உண்டு. அவற்றைப் புதுப்பிப்பதற்குத்தான் உப்பு. சமையல் தூளுப்பு கட்டிதட்டிவிடும். இதற்கென்று விற்கும் பரல் உப்பே வேண்டும். வெள்ளை படிந்த டம்ளரை வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பாயிருந்தால் கரையும். கரையாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது; அதற்கு மருந்தில்லை.

பிளாஸ்டிக் டப்பா ஈரமாகவே வருவது குற்றமன்று. அதில் சூடு தங்குவதில்லை. அலுமினியப் பாத்திரம் கறுப்பதும் இரும்புத் தோசைக்கல் துருப்பிடிப்பதும் யந்திரத்தின் பிழையல்ல, உள்ளே வைத்தவரின் பிழை.

தீய்ந்த வாடை வீசினாலோ, யந்திரத்தைப் போட்டவுடன் வீட்டு மின்சாரம் நின்றாலோ மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும். அவர் வரும் வரையில் பாத்திரம் தேய்க்கும் முறை யாருடையது என்பதை இன்றே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளலாம்.