ஃபார்மேட் போடறதுக்கு முன்னால

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பிளஸ் டூ பிள்ளைகள் கையில் அரசின் விலையில்லா மடிக்கணினி புழங்கத் தொடங்கிய காலத்தில், கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றுபோன கணினிகளை அடிக்கடி என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். லினக்ஸும் வராது, விண்டோஸும் வராது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் அதை உருவாக்கியது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இரண்டாவது எதற்கு என்று பிள்ளைகளிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. படம் ஏற்ற இடம் போதவில்லை, விண்டோஸில் பார்த்தால் பெயரில்லாத ஒரு பகுதி சும்மா கிடக்கிறது. அழித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கோளாறு வட்டின் முதல் 512 பைட்டில் இருக்கிறது. அதில் துவக்க நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். மிச்சம் பகுதிகளின் பட்டியலுக்கும் ஒரு முடிவுக் குறிக்கும் போய்விடும். லினக்ஸோடு வரும் துவக்க நிரலான கிரப் அவ்வளவு சின்ன இடத்தில் முழுதாக அடங்காது. தலையை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, மெனு முதலானவற்றை லினக்ஸ் பகுதியில் வைத்திருக்கும். அந்தப் பகுதி போனால் விண்டோஸைக் கூப்பிடும் மெனுவும் போச்சு. விண்டோஸும் பாடக் குறிப்புகளும் மட்டும் அப்படியே இருக்கும். திரையின் மேல்வரியே இதைச் சொல்கிறது: ‘நோ சச் பார்ட்டிஷன்’. அப்படியொரு பகுதியே இல்லையாம்! அதை யாரும் படிப்பதில்லை.

கடையில் கேட்டால், “ஃபார்மேட் போட்டுக் குடுத்தர்றேனுங்க” என்பார்கள். எந்தக் கோளாறுக்கும் அதே பதில்.

பகுதியின் எண் மட்டும் மாறியிருந்தால், அதே திரையில் ‘எல்எஸ்’ தட்டி, கிரப் கோப்புகள் இருக்கும் பகுதியைத் தேடிப் பிடித்து, ‘பிரீஃபிக்ஸ்’ஸில் அதைக் குறித்து ‘நார்மல்’ மாட்யூலை ஏற்றி இயக்கினால் மெனு வந்துவிடும். அடியோடு அழித்திருந்தால் விண்டோஸ் டிவிடியில் துவக்கி, ‘பூட்ரெக்’ கட்டளையால் அந்த முதல் பைட்டுகளைத் திருப்பி எழுதவேண்டும். விண்டோஸை மறுபடி நிறுவியதால் லினக்ஸ் காணாமல் போவது இதற்கு நேர்மாறு: லினக்ஸ் அங்கேயே இருக்கும், மெனு மட்டும் இருக்காது. லினக்ஸ் லைவ் பென்டிரைவில் துவக்கி கிரப்பை மறுபடி நிறுவினால் போதும்.

இது எதுவும் கைவராவிட்டாலும், அதே பென்டிரைவில் துவக்கி ப்ராஜெக்ட் கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துவிடலாம். அப்புறம் கடைக்காரர் தாராளமாக ஃபார்மேட் போடட்டும்.