கம்பிச் சில்லா, அலோய் சில்லா?

"உம்மா, வாப்பாட மோட்டார் சைக்கிள்ட சில்லு ரெண்டையும் மாத்தப் போறன்."

சுபஹுத் தொழுதுவிட்டு அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மகன் இப்படிச் சொன்னதும், தட்டில் கிடந்த ரொட்டி கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை.

அது என் கணவர் 2012 இல் வாங்கிய அவெஞ்சர் 220. ஆசனம் தாழ்ந்து, கைபிடி உயர்ந்து, காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு ஓடுகிற ரகம். பையன்கள் அதைக் 'குரூஸர்' என்பார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் பளபளக்கும் கம்பிச் சில்லுகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குக் குளிக்குமுன் பழைய சாரத் துண்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார். "ஒரு கம்பிக்கு ஒரு தஸ்பீஹ்" என்று பகிடியாகச் சொல்வார். 2021 இல் அவர் வபாத்தானார். நான் இத்தாவில் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அந்த வண்டி திண்ணையில் நின்றது. அடுத்த வருஷம் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்திலும் அது நின்றபடியேதான் நின்றது. கடற்கரை ஊர். உப்புக்காற்று சும்மா இருக்குமா? கம்பிகளில் துரு ஏறிவிட்டது.

வண்டியை விற்றுவிட்டு வேறொன்று வாங்கவும் வழியில்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டிகளுக்கே பெரிய விலை. 2025 இல் மீண்டும் அனுமதித்த பிறகும் புதியது எங்கள் கைக்கு எட்டவில்லை.

ஆனாலும் மகன் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் இரண்டு. அந்தச் சில்லுகளில் என் கணவரின் கை பட்டிருக்கிறது. அடுத்தது, ஊரில் இளவட்டங்கள் சைலன்ஸரை வெட்டுவதும் வர்ணம் அடிப்பதும் கறுப்பு அலோய் சில்லு பூட்டுவதுமாகக் காசைக் கரைப்பதை நாளும் பார்க்கிறேன்.

"பெருமைக்குச் செலவழிக்கிற காசு இஸ்ராப் மகன். நான் தைச்சுச் சேர்த்த காசு அதுக்கில்ல" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

இரண்டு கிழமை கழித்து, பக்கத்து ஊர்க் கடையொன்றிலிருந்து பாவித்த அலோய் சில்லு ஒரு சோடியைப் பார்த்துத் தெரிவதற்காகக் கொண்டுவந்தான். கறுப்பு நிறம் கண்ணைப் பறித்தது. விலையும் மலிவு. மலிவு என்றதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. "வாப்பா வழமையாப் போற மெக்கானிக் காக்காக்கிட்டக் காட்டுவம். நானும் வாறன்" என்றேன். கராஜுக்கு ஒரு பொம்பிளை வந்து நிற்பதைப் பார்த்து அங்கிருந்தவர்கள் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். காக்கா உடனே ஒரு கதிரையைத் துடைத்து நிழலில் போட்டார்.

முதலில் பழைய பின்சில்லைத் தூக்கிச் சுழற்றினார். ஒரு ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். சிலது 'ணிங்' என்றது. சிலது 'டொக்' என்று செத்த சத்தம் போட்டது.

"கேட்டீங்களா தங்கச்சி? சத்தம் செத்த கம்பி இளகியிருக்கு. இந்த மாதிரிச் சில்லொண்டில பெரும்பாலும் முப்பத்தாறு கம்பி இரிக்கும். எல்லாம் ஒண்டையொண்டு இழுத்துப் பிடிச்சாத்தான் ரிம் வட்டமா நிக்கும். நாலு கம்பி இளகினா மத்ததுகளுக்குச் சுமை கூடும். பிறகு அதுகளும் ஒவ்வொண்டா முறியும்."

குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

கம்பிச் சில்லின் நன்மையையும் அவரே சொன்னார். பள்ளத்தில் விழுந்தால் அது கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். ரிம் வளைந்தால் நிப்பிளைத் திருகி நேராக்கலாம். கம்பி முறிந்தால் அந்தக் கம்பியை மட்டும் மாற்றலாம். அலோய் சில்லு அப்படியல்ல. அது அலுமினியக் கலவையை உருக்கி வார்த்தது. கம்பி இறுக்கும் வேலை இல்லை, துடைப்பதும் இலேசு. ஆனால் பலமான அடி பட்டால் வெடித்துவிடும். வெடித்தால் மாற்றத்தான் வேண்டும். "அலோய் எண்டா பாரம் குறைவு எண்டு பொடியன்மார் நினைக்கிறது. எப்பவும் அப்பிடியில்ல. சில வார்ப்புச் சில்லு கம்பிச் சில்லை விடப் பாரம்" என்றார்.

இது புதுச் சரக்கும் அல்லவாம். 1976 இலேயே யமஹா ஆர்.டி. 400 வண்டி வார்ப்புச் சில்லோடு வந்துவிட்டதாம். எங்கள் அவெஞ்சரையே 2015 இல் கம்பெனி இரண்டு விதமாக விட்டது. 'குரூஸ்' என்பதற்குக் கம்பிச் சில்லு, 'ஸ்ட்ரீட்' என்பதற்குக் கறுப்பு அலோய்.

பிறகு மகன் கொண்டுவந்த சில்லைக் கையில் எடுத்தார். பெற்றோல் நனைத்த துணியால் ஓரமெல்லாம் தேய்த்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். உப்புத்தாளால் மெதுவாக உரசியதும் கறுப்பு வர்ணத்துக்குக் கீழே தலைமயிர் போல ஒரு கோடு. அதன் பக்கத்திலே வெல்டிங் செய்த தழும்பு.

"வெடிச்சத ஒட்டி வர்ணம் அடிச்சிருக்கு. இதப் பூட்டிக்கிட்டு ரெண்டு பேர் போகேலா மகன். கொண்டுபோய்க் குடுத்திடுங்க."

மகனின் முகம் வாடிவிட்டது. ஒரு ஆடம்பரம் கைநழுவிய வாட்டமாக அது எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மகள்தான் வாயைத் திறந்தாள். ஒரு மாதத்துக்கு முன் மஃரிப் நேரத்தில் தங்கச்சியை டியூஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போது பின் டயரில் ஆணி ஏறியிருக்கிறது. காற்று ஒரேயடியாக இறங்கி, வண்டி பாம்பு போல நெளிந்து, ரோட்டோரத்து மணலில் போய் நின்றிருக்கிறது. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்ததாம். அல்லாஹ் காப்பாற்றினான். எனக்குச் சொன்னால் பயந்துவிடுவேன் என்று இருவரும் மறைத்துவிட்டார்கள்.

"அதுக்குத்தானா மகன் சில்ல மாத்தக் கேட்டாய்?"

"ஓம் உம்மா. அலோய் எண்டா டியூப் இல்லாத டயர் போடலாம். ஆணி ஏறினாலும் காத்து மெதுவாத்தான் இறங்கும்." கொஞ்சம் பொறுத்து, தலையைக் குனிந்துகொண்டு, "ஸ்டைலும் கொஞ்சம் இரிக்கி உம்மா" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் 'இஸ்ராப்' என்று தீர்ப்புச் சொன்னவள் நான்தானே!

மறுநாள் திரும்பவும் காக்காவிடம் போனோம். மகன் சொன்னது சரிதான் என்றார். சாதாரணக் கம்பிச் சில்லில் ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு துளை இருக்கும். அதனால் டியூப் இல்லாமல் காற்று நிற்காது. டியூப் மெல்லிய இறப்பர். ஆணி குத்தினால் கிழிந்து காற்றுச் சட்டென்று வெளியேறிவிடும். ஒட்டுவதற்கும் சில்லைக் கழற்ற வேண்டும். டியூப் இல்லாத டயரில் தடித்த இறப்பர் ஆணியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் காற்று மெல்லத்தான் போகும். சில்லைக் கழற்றாமலே அடைக்கலாம். ஆனால் அலோய் எல்லாமே டியூப் இல்லாத டயருக்கு ஏற்றதல்ல. ரிம்மிலும் டயரிலும் அப்படிக் குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டிக்குப் பின்னுக்கு 15 அங்குலமும் முன்னுக்கு 17 அங்குலமும் சில்லு. வேறு வண்டியின் சில்லை வெட்டி ஒட்டிப் பூட்டவே கூடாது என்றும் சொன்னார்.

புதுச் சோடியின் விலையைக் கேட்டதும் மலைத்துப்போனேன். சீட்டுக் காசு முழுவதும் போட்டாலும் ஒன்றுக்குத்தான் காணும்.

காக்கா கொஞ்சம் யோசித்தார். "ஆணி கூடுதலா ஏறுறது பின்சில்லுலதான். முன்சில்லு ஆணியக் கிளப்பிவிடும், பின்சில்லு வாங்கிக்கொள்ளும். ரெண்டு பேர்ட பாரமும் அதிலதான். பின்னுக்கு மட்டும் உங்கட வண்டிக்கு உரிய அலோயைப் போடுங்க. முன்சில்லு ரிம் நல்லா இரிக்கி. துருப்பிடிச்ச கம்பியை மாத்தி இறுக்கி, புது டியூப் போட்டுத் தாறன்."

ஒரே வண்டியில் இரண்டு விதச் சில்லு! கூட்டாளிமார் சிரிப்பார்களே என்று மகனைப் பார்த்தேன். "பரவாயில்ல உம்மா. தங்கச்சி பின்னாலதானே இரிக்கிற" என்றான். அந்தச் சொல்லில் அவனுடைய வாப்பாவின் குரல் கேட்டது. சில்லைப் பூட்டியபின் காப்புறுதிக் காரரிடமும் மறக்காமல் அறிவித்தோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்குச் சொன்ன ஹதீஸைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். நம் வீட்டு வாசலில் நிற்பது ஒட்டகம் அல்ல, மோட்டார் சைக்கிள். அதைக் கட்டுவது என்றால் டயரின் காற்றைப் பார்ப்பது, இளகிய கம்பியை இறுக்குவது, மலிவுக்கு மயங்காமல் வர்ணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

சகோதரிகளே, மோட்டார் சைக்கிள் ஆண்பிள்ளைகளின் விஷயம் என்று நாம் விட்டுவிடுகிறோம். பின்னால் உட்கார்ந்து போவது நாமும் நம் பிள்ளைகளும்தான். உங்கள் மகன் ஏதாவது மாற்ற வேண்டும் என்று கேட்டால் உடனே ஏசாதீர்கள். ஏன் என்று ஒரு தரம் கேளுங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மகன் பழைய சாரத் துண்டோடு முன்சில்லுக்குப் பக்கத்தில் உட்காருகிறான். பின்சில்லுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். முன்சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாகத்தான் துடைக்க வேண்டும். அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் உதடு அசைகிறது. அல்ஹம்துலில்லாஹ்.