தறி நின்ற வீட்டில் ஒரு வாரம்

ஜூன் 21, சனி. சார்செல்

லியோன் நகரக் குடும்பத்திடமிருந்து சம்மதம் வந்துவிட்டது. ஜூலையில் ஒரு வாரம் அவர்கள் எங்கள் வீட்டில், நாங்கள் அவர்கள் வீட்டில். பாரிஸின் வடக்குப் புறநகரில், அதுவும் வாடகைக்கு இருக்கும் எங்களோடு யார் வீடு மாற்றிக்கொள்வார்கள் என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் எங்களிடம் இருக்கிறது. கார் நிறுத்த இடம், பிள்ளைகள் படுக்கத் தனி அறை, ஏறினால் நேரே பாரிஸ் நடுவில் இறக்கிவிடும் ஆர்.இ.ஆர். டி ரயில், காரில் கொஞ்ச தூரத்தில் ஆஸ்டெரிக்ஸ் பூங்கா. ஐந்து பேர் பாரிஸ் ஹோட்டலில் ஒரு வாரம் தங்கும் செலவை நினைத்தால் சார்செல் அவர்களுக்கு வரப்பிரசாதம்தான்.

அத்தைதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “முன்னபின்ன தெரியாதவங்க நம்ம கட்டில்ல படுப்பாங்களாம், நம்ம சட்டியில சமைப்பாங்களாம். என்னம்மா இது?”

ஜூன் 29, ஞாயிறு

அத்தையிடம் இதன் கதையைச் சொன்னேன். வீடு மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை ஒழுங்காகத் தொடங்கியவர்கள் பணக்காரர்கள் இல்லை, என்னைப் போன்ற ஆசிரியர்கள். நீண்ட கோடை விடுமுறை, சின்னச் சம்பளம். 1953-இல் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இன்டர்வாக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அச்சிட்ட பட்டியலில் வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் அது. 1992-இல் எட் குஷின்ஸ் அமெரிக்காவில் ஹோம்எக்ஸ்சேஞ்ச் தொடங்கினார். இப்போது எல்லாம் கைப்பேசியில் முடிகிறது. ஆண்டுச் சந்தா மட்டும் உண்டு. தங்குவதற்கென்று யாரும் யாருக்கும் ஒரு காசு தருவதில்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். சுற்றுலாவுக்கு விடும் குறுகிய கால வாடகை வீடுகள் ஊர்க்காரர்களின் வீடுகளைத் தின்றுவிடுகின்றன. பார்சிலோனாவில் இருக்கும் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று அந்நகர மேயர் 2024-இல் அறிவித்ததே அதனால்தான். நாங்கள் வீடு மாற்றிக்கொள்வதால் லியோனில் ஒருவருக்கும் வாடகை வீடு இல்லாமல் போகாது. குடியிருக்கிற வீட்டில்தான் போய்க் குடியிருக்கப் போகிறோம்.

வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. காப்பீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வெளியூரில் அடுத்தவர் வீட்டில் எங்களால் ஏதாவது சேதமானால் எங்கள் பாலிசி தாங்குமா என்று கேட்டேன். தாங்கும் என்றார். எழுத்தில் கேட்டு வாங்கிவைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

இடுப்பு விட்டுப்போயிற்று. இலவசம் என்று சொல்பவர்கள் வந்து பார்க்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு, குளிர்பெட்டியின் அடித்தட்டு, பல வருடமாகத் தொடாத மேலலமாரி எல்லாம் இன்று சுத்தம். துணிமணிக்கு இரண்டு தட்டு காலி செய்தோம். நகையும் பத்திரங்களும் தங்கை வீட்டுக்குப் போயின.

பிறகு வீட்டுக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். குப்பை எந்த நாளில் எந்தத் தொட்டி, கொதிநீர்க் கருவியை எப்படி இயக்குவது, கிரைண்டரைத் தொட வேண்டாம், கறிவேப்பிலைச் செடிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். சாமி அலமாரியைப் பூட்டுவதா என்று பேச்சு வந்தது. “பூட்ட வேணாம்,” என்றார் அத்தை. “சாமி பார்த்துக்கிட்டிருக்கட்டும்.” அவர் பாதி சம்மதித்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 19, சனி. லியோன்

கார் தெ லியோன் நிலையத்திலிருந்து டி.ஜி.வி.யில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மலையேறும் மெட்ரோவில் க்ருவா-ரூஸ் மேட்டுக்கு. பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவி இருந்தது. கதவைத் திறந்ததும் எல்லோரும் அண்ணாந்துதான் பார்த்தோம். நாலு மீட்டர் உயரத்தில் உத்தரங்கள், ஆளுயரத்துக்கும் மேலே போகும் ஜன்னல்கள். அறையின் ஒரு மூலையில் பரண் கட்டி அதில் பிள்ளைகளின் படுக்கை.

எங்களுக்கு முந்தி அத்தை கண்டுகொண்டார். “இங்க தறி இருந்திருக்கு. ஜக்கார்டு பெட்டி மேல ஏறணும்னா இந்த உசரம் வேணும்.” அவர் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவுக் குடும்பத்தில்.

உண்மைதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார்டு தறி வந்ததும், பட்டு நெசவாளர்களுக்கென்றே இந்த மேட்டில் இப்படி உயரமான வீடுகளைக் கட்டினார்கள். கீழே தறி ஓடும், பரணில் குடும்பம் தூங்கும். 1831-லும் 1834-லும் இந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முதல் தடவை அவர்கள் கேட்டது, நெய்த துணிக்கு இவ்வளவுதான் குறைந்தபட்சக் கூலி என்ற ஒரு விலைப்பட்டியல். இதைச் சொன்னபோது அத்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் அப்பா முதலாளியிடம் கூலி கணக்குப் பார்த்துவிட்டு வரும் சனிக்கிழமைகளைப் பற்றி, இத்தனை வருடத்தில் எங்களிடம் சொல்லாததையெல்லாம், இரவு வரை சொன்னார்.

ஹோட்டல் அறையில் இது நடந்திருக்காது. எந்த வழிகாட்டிப் புத்தகமும் அத்தையை இந்தப் பேச்சுக்குக் கொண்டுவந்திருக்காது.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் பெருஞ்சாலை ஓரச் சந்தை. கத்தரிக்காய், தக்காளி, ஆட்டுப்பால் சீஸ். இவர்களுடைய சட்டியில் சாம்பார் கொதித்தது. சந்தைக்கு அந்தக் கோடியில் பெரிய பாறை ஒன்று நிற்கிறது. ஆதியில் ஆல்ப்ஸிலிருந்து பனியாறு உருட்டிவந்த கல். ரயில்பாதைக்குச் சுரங்கம் தோண்டியபோது வெளியே வந்ததாம். மாலையில் கட்டடங்களுக்கு ஊடே புகுந்து புறப்படும் சந்துகளில் மகள் எங்களை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு தெருவில் கதவைத் தள்ளினால் முற்றம், படிக்கட்டு, மறுபக்கம் வேறொரு தெரு. பட்டு நனையாமல் தூக்கிப்போக வசதியான வழி.

சார்செல்லிலிருந்து படம் வந்தது. கறிவேப்பிலைச் செடிக்கு அவர்களுடைய சின்னப் பையன் தண்ணீர் ஊற்றுகிறான். “வேர்ல ஊத்தச் சொல்லு,” என்றார் அத்தை. மொழிபெயர்த்து அனுப்பினேன்.

ஜூலை 26, சனி. சார்செல்

ரயில் டிக்கெட்டும் சந்தைச் செலவும் மட்டும்தான். மிஞ்சிய பணத்தில் மகளுக்குக் கண்ணாடி மாற்றலாம்.

இரவுச் சாப்பாட்டில் அத்தையே ஆரம்பித்தார். “புதுச்சேரியில நம்ம முத்தியால்பேட்டை வீடு சும்மாதானே பூட்டிக் கெடக்கு?” அதற்கும் வழி இருக்கிறது. இருவரும் ஒரே சமயத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஜனவரியில் யாராவது புதுச்சேரியில் தங்கினால் நமக்குப் புள்ளிகள் சேரும், அதை வைத்து வேறெங்கோ வேறொருவர் வீட்டில் நாம் தங்கலாம். ஆனால் அங்கே வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும். அதை யார் செய்வது? பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்ன மாமனார் மகனைக் கேட்கலாம் என்றார் இவர். “அவனைக் கேக்கறதுக்கு முன்னாடி மாடித் தொட்டியைக் கழுவணும், பின்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாத்தணும்,” என்று அத்தை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நான் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.